சோயா பாட்டில் மை

மைக்கட்டியை அழுத்தித் தேய்க்கக்கூடாது. தண்ணீர் விட்ட மைக்கல்லின் மேல் வட்டம் வட்டமாக, நோயாளியின் முதுகைத் தடவிக்கொடுப்பது மாதிரி தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் மை மணல் மணலாகத் திரிந்துவிடும். சூயென்னுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? கட்டிலிலிருந்து வந்த மூச்சிரைப்பு அவள் கையை விரட்டிக்கொண்டே இருந்தது.

“இன்னும்... ஆகலையா?” என்றார் அப்பா.

“இப்பதான்பா ஆரம்பிச்சேன். இன்னும் தண்ணி மாதிரி இருக்கு.”

“இது கெட்டியாகறதுக்குள்ள... நான் கெட்டியாயிடுவேன் போல.”

கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா சீறினாள். “ச்சோய்! காலங்காத்தால என்ன பேச்சு இது? வாயைக் கழுவுங்க!”

மனுஷனுக்கு நுரையீரல் முழுக்கப் புற்று. மூன்று வாரமாக ஒரு ஸ்பூனைக்கூடத் தானாகப் பிடிக்க முடியவில்லை. பிடித்தால் கஞ்சி முழுதும் சட்டையில்தான். அப்படிப்பட்டவர் இன்று விடிந்ததும் கண்ணைத் திறந்து, “மை அரை. அந்தப் பெரிய தாளை எடு” என்றார். அதிலிருந்து வீட்டில் சண்டை.

பினாங்கில் தியோ பெங் ஹூய் என்று அப்பாவின் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். ‘கொசு’ என்று சொன்னால் போதும். சீனப் பத்திரிகையில் முப்பத்து நாலு வருஷம், ஞாயிறுகூட விடாமல், மூன்றாம் பக்கத்து இடது மூலையில் ஒரு கார்ட்டூன் கட்டம், ஓரத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கொசு. சந்தைத் தெருவின் அடைபட்ட சாக்கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் எலி படகு விடுவதாக ஒரு நாள் வரைந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கே நகராட்சி லாரி வந்து நின்றது. சம்பந்தப்பட்ட அதிகாரி ஆறு மாதம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்தாராம்.

இன்னொரு சமயம், மூன்று மாதத்துக்குக் கார்ட்டூனே கூடாது என்று மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு வந்தது. முதலாளி கையைப் பிசைந்தார். இவர் அன்று மாலை வெறும் கட்டத்தை மட்டும் வரைந்து அனுப்பினார். உள்ளே ஒன்றுமில்லை, ஏதோ ஓர் ஓரத்தில் கடுகளவு ஒரு கொசுவைத் தவிர. மூன்று மாதமும் அதேதான். காப்பிக்கடைகளில் ஜனங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கொசுவைத் தேடினார்கள். “இன்னிக்கு எங்க உக்காந்திருக்கு?” என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். வெறும் கட்டத்தை என்ன சொல்லித் தடுப்பது என்று உத்தரவு போட்டவர்களுக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை.

அடேயப்பா, இப்படியும் ஒரு மனிதரா என்று ஊர் வாயைப் பிளந்தது. அவருக்கோ அதில் ஒரு பெருமையும் கிடையாது. அவர் ஏங்கியது மை ஓவியத்துக்கு. பேனா மையில் கோடு வரும், அவ்வளவுதான். கல்லில் அரைத்த மை அப்படியல்ல. தூரிகையில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால் ஒரே கறுப்பிலிருந்து ஐந்து கறுப்பு பிறக்கும். மலை வரும், மலையை மூடின பனியும் வரும். அதைப் பிடிக்க இருபத்தைந்து வருஷம் தினமும் காலையில் உட்கார்ந்தார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, மை ஓவியச் சங்கத்துக்கு மூன்று படம் கொண்டுபோனார். அங்கிருந்த பெரியவர் பார்த்துவிட்டு, “நல்ல கைதான். ஆனா இது பத்திரிகைக் கை. எல்லாத்தையும் சொல்லிடுது” என்றாராம். அப்பா மூன்றையும் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து வரைந்ததெல்லாம் மத்தியானத்துக்குள் குப்பைக்கூடையில். சூயென் பார்க்கவே முந்நூறு படம் கிழிந்திருக்கும். நண்பர் ஒருவர் செதுக்கித் தந்த கல் முத்திரை அப்படியே டப்பாவில் கிடந்தது. படம் முடிந்தது, இது என்னுடையது என்று ஓவியன் ஒப்புக்கொண்டால்தான் சிவப்பு முத்திரை விழும். அவர் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு படம். அப்பா கையால் முத்திரை வைத்த ஒரே ஒரு படம் அவருக்கு வாய்த்துவிட வேண்டும், அதன் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கட்டும். சூயென்னுக்கு இன்று காலை முதல் வேறு நினைப்பே இல்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. “நேத்து அந்த நர்ஸு என்ன சொல்லிட்டுப் போனா? நிமித்தி உக்கார வெச்சா மூச்சு நின்னுடும்னு சொன்னாளா இல்லையா? கா செங் வந்துட்டிருக்கான். மூத்த புள்ள பக்கத்துல இல்லாம ஒரு அப்பன் போனா, அந்தப் புள்ளைக்குக் காலத்துக்கும் அந்தக் குறை தீராது. அவன் வர்ற வரைக்கும் அசையாமப் படுத்திருக்கட்டும். படமாம் படம்!”

அண்ணன் கா செங் கோலாலம்பூரிலிருந்து ஆறு மணிக்கே காரில் கிளம்பிவிட்டான். மணி இப்போது ஒன்பதரை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹுவாட் அங்கிள். அந்த முப்பத்து நாலு வருஷமும் மாலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து, ஈரம் காயாத கார்ட்டூனை வாங்கி அச்சகத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான். இப்போது தினமும் காலையில் பத்திரிகையோடு வந்து சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவார்.

“டேய் கொசு! இன்னும் பறக்கலையா நீ?”

“உன் மூஞ்சியப் பாத்துட்டு... போலாம்னு.”

ஹுவாட் அங்கிள் மைக்கல்லைப் பார்த்தார், சுருட்டி வைத்திருந்த தாளைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வாசிக்க எடுத்த பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சூயென் மைக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியோடு அடுப்படிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். அவளுக்கு அவன் ‘கோ’.

“கோ, எங்க இருக்கே?”

“ஈப்போகூடத் தாண்டலை. லாரி ஒண்ணு கவுந்து கெடக்கு. நகரவே மாட்டேங்குது.” பின்னால் ஹாரன் சத்தம். “அப்பா எப்படி இருக்காரு?”

சொன்னாள். தாளைப் பற்றி, நர்ஸ் சொன்னதைப் பற்றி, எல்லாம்.

“அம்மா என்ன சொல்றாங்க?”

“நீ வர்ற வரைக்கும் வேண்டாங்கறாங்க.”

“நீ?”

“நான் மை அரைச்சிட்டிருக்கேன்.”

“அப்புறம் எதுக்குடி என்னைக் கேக்கற?” அவன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டான், ஹாரன் சத்தம் அடங்கியது. “தூரிகையைக் குடுத்துரு. எனக்காக மூச்சைப் புடிச்சிட்டுப் படுத்திருந்தாரு, வரையவே இல்லைன்னா, நான் வந்து எந்த மூஞ்சியோட அவரப் பாக்கறது? குடுத்துரு சூயென்.”

அவள் திரும்பி வந்தபோது அப்பாவின் மூச்சு மாறியிருந்தது. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி. விரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டிருந்தன.

“சீக்கிரம்மா” என்றார் ஹுவாட் அங்கிள் மெதுவாக.

மைக்கல்லில் இருந்தது இன்னும் சாம்பல் நிறத் தண்ணீர்தான். இன்னும் முக்கால் மணி நேரமாவது அரைக்க வேண்டும். சூயென்னின் கண் அலமாரிக்குப் போனது. மேல்தட்டில் இரண்டு சோயா சாஸ் பாட்டில்கள். மையை மொத்தமாக வாங்கிப் பழைய சோயா பாட்டிலில் ஊற்றி வைப்பது அப்பாவின் வழக்கம். ஒருமுறை அம்மா அதைப் பன்றிக்கறியில் ஊற்றி, அன்று வீடே ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டது. மருந்துக்கடையில் பதினாறு வருஷமாக லேபிளைப் படித்துப் படித்தே பிழைக்கிறவள் சூயென். ஒன்றில் தூரிகை மை, இன்னொன்றில் பேனா மை, இரண்டிலும் லேபிள் இல்லை. நிறைய இருந்ததை எடுத்தாள், கல்லில் ஊற்றினாள்.

பெட்டியிலிருந்து தாளை எடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் பழக வைத்த சீனத்தாள், நாலடி நீளம், வீட்டில் மிச்சமிருந்த ஒரே தாள். பலகையின் மேல் கம்பளியை விரித்து, அதன் மேல் தாளைப் பரப்பி, அப்பாவின் மடிக்கு நேராக ஹுவாட் அங்கிள் தாங்கிப் பிடித்துக்கொண்டார். சூயென் கட்டிலில் ஏறி அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவரைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். அவருடைய விலா எலும்புகள் ஒவ்வொன்றும் அவளுக்குத் தட்டுப்பட்டன. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

ஜன்னலில் பினாங்கு மலை தெரிந்தது. பாதி உயரத்துக்கு மேல் பனி. அதைத்தான் அவர் இருபத்தைந்து வருஷமாக விரட்டிக்கொண்டிருந்தார்.

தூரிகையை மையில் தோய்த்து, முதலில் ஒரு துண்டுத் தாளில் வைத்துப் பார்த்தார். பரவ வேண்டிய மை பரவவில்லை. வைத்த இடத்தில் கன்னங்கரேல் என்று உட்கார்ந்தது. ஓரத்தில் மெல்லிய பளபளப்பு. அறையில் வார்னிஷ் வாடை அடித்தது.

“ஐயோ!” என்றார் ஹுவாட் அங்கிள். “இது பேனா மையாச்சே!”

பேனா மையில் அரக்கு கலந்திருக்கும். தண்ணீர் சேர்த்தாலும் சாயல் பிரியாது. பனி கிடையாது, ஈரம் கிடையாது. அரைத்து வைத்திருந்ததையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாள். கல்லைக் கழுவி மறுபடி தொடங்க ஒரு மணி நேரம். இவரிடம் அந்த ஒரு மணி நேரம் ஏது?

“அப்பா, மன்னிச்சிருப்பா... ரெண்டும் ஒரே மாதிரி... பாக்காம ஊத்திட்டேன்பா...”

அவருடைய முதுகு குலுங்கியது. புரையேறிவிட்டது என்று பயந்து அவள் அவரை இறுக்கிப் பிடித்தாள். புரையேறவில்லை. மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்து நாலு வருஷம்... சோறு போட்டது. இத நானே... தெரியாம தோச்சுட்டேன் பாரு.”

ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “மலை... தப்பிச்சுது” என்றார்.

பிறகு நேராகப் பார்த்தார். கால்மாட்டில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, கிண்ணமும் கையுமாக அம்மா.

முதல் கோடு அம்மாவின் பிடரியில் தொடங்கியது. சூயென்னின் மார்பில் படிந்திருந்த முதுகு விம்மி நிமிர்ந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தார். இவ்வளவு நேரம் மூச்சுக்குத் திணறிய மனிதர் மூச்சைப் பிடித்தார்! அந்தத் தூரிகை பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கி, கூனல் விழுந்த முதுகைச் சுற்றி, நாற்காலியின் நுனிவரை ஒரே போக்காக வந்து நின்றது. ஸ்பூனைப் பிடிக்கும்போது ஆடுகிற கை அது. ஒரு மயிரிழை ஆடவில்லை. பேனா மையின் கோடு போலக் கறார், ஆனால் பேனாவால் ஒருநாளும் போட முடியாத கோடு. தடித்து, மெலிந்து, திரும்புமிடத்தில் உலர்ந்து, உள்ளே வெள்ளை தெரிய ஓடியது.

இரண்டாவது, கிண்ணத்தைத் தாங்கிய கை. மூன்றாவது கிண்ணம். அடுத்த இரண்டில் திருப்பிக்கொண்ட முகம், கோபமாக முன்னுக்கு வந்த கீழுதடு. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் அவர் நாலைந்து மூச்சு வாங்கினார். மூச்சு வாங்கும்போது அவர் ஒரு கிழ நோயாளி. கோடு போடும்போது யார் என்று சூயென்னுக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் கூடவே இருந்திருக்கிறாள். இந்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. எதிரே ஹுவாட் அங்கிள் பலகை அசைந்துவிடக் கூடாதென்று தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

ஆறாவது, நாற்காலிக்கால். ஏழாவதை அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு தூரிகையின் நுனியால், காதோரம் நழுவி விழுந்த ஒரு முடிக்கற்றையை இழுத்துவிட்டார். அவ்வளவுதான். தாளில் முக்கால் பங்கு வெறுமையாகக் கிடந்தது. அதில் எதுவும் குறையவில்லை.

தூரிகையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டு அம்மா திரும்பினாள். “என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?” எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “என்னையா போட்டீங்க? கல்யாணமான நாள்லேர்ந்து தலப்பாடா அடிச்சிக்கிறேன்ல, என்னை வரையாதீங்கன்னு! சாயங்காலம் அதுல மீன் மடிச்சுக் குடுப்பான்னு!”

“இது... பேப்பர்ல வராது.”

“மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு எனக்கு?”

“இருக்கு.”

ஹுவாட் அங்கிள் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போது கிண்ணத்தைக் கீழே வைத்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

“முத்திரை” என்றார் அப்பா.

சூயென்னுக்குத் தன் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். ஹுவாட் அங்கிள்தான் டப்பாவைத் திறந்தார். முத்திரைக்கான சிவப்புச் சாந்தில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதந்தது. சூயென் குச்சியால் கிளறிப் பதமாக்கினாள். கல்லை அப்பாவின் கையில் வைத்தாள். இடம் அவரே பார்த்துக்கொண்டார், படத்தின் இடது ஓரத்தில், கீழே. வைத்துவிட்டார், அழுத்தத்தான் வலுவில்லை. கோடு போட்ட கை திரும்பவும் நோயாளியின் கையாகிவிட்டிருந்தது.

அம்மா தன் உள்ளங்கையை அவர் கையின் மேல் வைத்தாள். உடம்பின் பாரம் முழுதையும் அதில் இறக்கினாள்.

கல்லை எடுத்தபோது சிவப்பு ஒழுங்காக விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு முழுப் பாரத்தோடும் சூயென்னின் மேல் சாய்ந்தார். அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் முதுகில் ஒரு துடிப்பு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது அவருடையதா தன்னுடையதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “மணி என்ன?” என்று கேட்டாள்.

பதினொன்று இருபது.

சாவுக் காரியம் பார்க்கிறவர்கள் அரை மணியில் வந்துவிட்டார்கள். அப்பாவைக் கூடத்தில் கிடத்தினார்கள். சாமி மாடத்தைச் சிவப்புத் தாளால் மூடினார்கள். வீட்டிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் வெள்ளைத் தாளால் மறைத்தார்கள். ஒட்டுகிறவன் படத்தின் அருகே வந்து, இதையும் மறைக்க வேண்டுமா என்பது போலப் பார்த்தான். “அது கண்ணாடி இல்லப்பா” என்றார் ஹுவாட் அங்கிள்.

கா செங் ஒன்று பத்துக்கு வந்தான். தாமதமாக வந்த பிள்ளை நடந்து உள்ளே போகக்கூடாது என்பது சீன வழக்கம். ஐம்பதை நெருங்குகிற மனிதன், பெரிய கம்பெனியில் பெரிய வேலை, வாசல்படியிலேயே மண்டியிட்டு, கூடம் முழுக்கத் தவழ்ந்து அப்பாவிடம் போனான். போய்க் காலைக் கட்டிக்கொண்டு, “பா, வந்துட்டேன்பா, வந்துட்டேன்பா” என்று கத்தினான். அந்தக் கதறலைக் கேட்டபோது சூயென்னுக்குத் தான் செய்தது சரியா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அண்ணனுக்காக மிச்சமிருந்த இரண்டு மணி நேர மூச்சை அவள்தான் செலவழித்தாள்.

அழுது ஓய்ந்து அவன் அறைக்கு வந்தான். படம் சுவரில் சாத்தியிருந்தது. அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கோபமா இருக்காங்க” என்றான்.

“யாரு?”

“அம்மா.” விரலால் காற்றில் எண்ணினான். ஒருமுறை எண்ணிவிட்டு நம்பாமல் மறுபடி எண்ணினான். “ஏழே கோடு. எப்படிடி?”

“தெரியலை கோ. பின்னாடியேதான் உக்காந்திருந்தேன். எனக்கே தெரியலை.”

அவன் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். நூடுல்ஸ் கடைக்காரர், முடிவெட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார். எல்லோருமே ‘கொசு’ போய்விட்டதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும். கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான் மாட்டியபடியே அறைக்கு வந்தாள். பழக்கத்தில் அலமாரிக் கண்ணாடியின் முன் போய் நின்றாள். வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

சுவரோரம் போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி, காதோரம் விழுந்திருந்த முடியை எடுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.